பேட்டரியைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள்

கேள்வி: இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் அப்பச்சி, நடக்கச் சிரமப்படுவோர் அமர்ந்து ஓட்டும் பேட்டரி வண்டியான மொபிலிட்டி ஸ்கூட்டரில்தான் நடமாடி வருகிறார்கள். தைப்பூசத்துக்குச் சிங்கப்பூர் வருமாறு அங்கிருக்கும் தம்பி அழைக்கிறான். திருச்சியிலிருந்து விமானத்தில் ஸ்கூட்டரையும் கொண்டு செல்ல இயலுமா? – வாசகி, தேவகோட்டை

பதில்: இயலும். 1859-இல் நகரத்தார் எழுப்பிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலின் பூசத்தை அப்பச்சி தாராளமாகக் காணலாம். ஆனால் பலரும் டிக்கெட்டை எடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் ஸ்கூட்டரைப் பற்றி விசாரிக்கிறார்கள். விமான நிறுவனம் முதலில் கேட்பது பேட்டரியைப் பற்றித்தான் என்பதால், தொடக்கமும் அங்கேயே இருக்கட்டும்.

பேட்டரியைக் கழற்றித் திருப்பினால் அதன் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288. அதே 24 வோல்ட்டில் 20 ஆம்பியர்-மணி என்றால் 480. கழற்றி எடுக்கும் வகை லித்தியம் பேட்டரி ஒன்றுக்கு 300 வாட்-மணியும், ஸ்கூட்டர் இரண்டு பேட்டரியில் ஓடுவதாயின் ஒவ்வொன்றுக்கும் 160 வாட்-மணியும் சர்வதேச விமான விதிகள் அனுமதிக்கும் உச்ச வரம்பு. எனவே 288 வாட்-மணி பேட்டரி ஒன்று செல்லும், 480 வாட்-மணி பேட்டரி செல்லாது. கழற்றிய லித்தியம் பேட்டரியை, முனைகளை டேப்பால் மூடி, தனிப் பையிலிட்டு, அப்பச்சியுடன் விமானத்துக்குள் கைப்பையாகவே எடுத்துச் செல்ல வேண்டும். சாமான் அறைக்கு அனுப்பக் கூடாது. திரவம் சிந்தாத, சீல் செய்த லெட்-ஆசிட் பேட்டரியாக இருந்தால், மின் இணைப்பைத் துண்டித்து, வண்டியிலேயே உறுதியாகப் பொருத்திய நிலையில் அனுப்பலாம். எந்த வகையானாலும் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும்.

பேட்டரியின் வகை, வாட்-மணி, வண்டியின் எடை, மடித்த நிலையில் நீள அகல உயரம் ஆகியவற்றை ஸ்டிக்கரின் படத்தோடு மின்னஞ்சலில் அனுப்பி, சம்மதத்தை எழுத்தில் பெற்று, அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். தொலைபேசியில் ‘சரி’ என்று சொன்னவர் கவுன்ட்டரில் இருக்கப் போவதில்லை. உயரத்தையும் அலட்சியம் செய்ய வேண்டாம்: போயிங் 737 விமானத்தின் சாமான் அறைக் கதவு 90 சென்டிமீட்டருக்கும் குறைவான உயரமே உடையது. உதவி தேவைப்படும் பயணிகள் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாகத் தெரிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இருக்கை வரை கொண்டுவிட வேண்டுமா, படியேற முடியுமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டு முகப்பிலேயே பேட்டரியைக் கழற்றி மாட்டவும், நெம்புகோலால் மோட்டாரின் பிடியை விடுவித்து வண்டியைக் கையால் தள்ளவும் உடன் செல்பவர் பழகிக்கொள்ளட்டும். அந்த நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிட்டால், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வண்டியை இறக்குபவர் அதை முரட்டுத்தனமாக இழுக்க மாட்டார். சாவி, கூடை, கண்ணாடி போன்றவை உங்கள் பையில் வரட்டும். சார்ஜருக்கு வோல்ட்டேஜ் மாற்றி தேவையில்லை. அங்கும் 230 வோல்ட்தான். சதுர முனைகள் மூன்று கொண்ட பிளக்குக்கான அடாப்டர் ஒன்று போதும்.

கேள்வி: சென்ற பயணத்தில் என் மாமியாரின் ஸ்கூட்டர் கைப்பிடி வளைந்து வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கேட்டதற்கு விமான நிறுவனம் கைவிரித்துவிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்? – வாசகர், கானாடுகாத்தான்

பதில்: சேதத்தைக் கண்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார்ச் சீட்டு வாங்கிவிட வேண்டும். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சாமான் கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்துமூலம் புகார் தராவிட்டால் உரிமை போய்விடும்; உங்கள் புகார் அதற்குள் சென்றிருந்தால் மீண்டும் எழுதிக் கேளுங்கள். இழப்பீட்டுக்கும் உச்ச வரம்பு உண்டு: 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. விலையுயர்ந்த வண்டிக்கு இது போதாது என்பதால், செக்-இன் செய்யும்போதே மதிப்பை எழுதிக் கொடுத்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் செலுத்துவது நல்லது. ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, வாங்கிய ரசீதையும் உடன் வைத்திருங்கள்.