அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சொன்ன பதில்

கேள்வி: டர்பனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், முனைவர் பட்டம் முடித்தபின் ஆய்வு உதவித்தொகையில் பணியாற்றுகிறேன். நான் எழுதிய கட்டுரையில் என் பேராசிரியர் தம் பெயரை முதலில் போட்டுக்கொண்டார். கேட்டால், அடுத்த ஆண்டு நீட்டிப்புக்குத் தம் கையெழுத்து வேண்டும் என்கிறார். பாட்டியின் 16-ஆம் நாள் காரியத்துக்கு அவர் விடுப்புத் தரவில்லை என்று முனைவர் பட்ட மாணவி ஒருத்தி அழுதுகொண்டு வந்தபோது, ‘அவர் அப்படித்தான், பொறுத்துக்கொள் தங்கச்சி’ என்று நான்தான் தேற்றி அனுப்பினேன். இங்கே பல்கலைக்கழகத்தில் உள்ளோரின் குறைகளை இரகசியமாகக் கேட்டு வழிகாட்டும் ஆம்பட் அலுவலகம் இருக்கிறது. அங்கே போனால் அவருக்குத் தெரிந்துவிடுமா? அவரைத் தண்டிப்பார்களா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: சகோதரி, கட்டுரையில் பெயர் பின்னுக்குப் போனதைப் பக்கம் பக்கமாக எழுதிய நீங்கள், அந்த மாணவிக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

பாட்டியின் காரியத்துக்குப் பேத்தி போக முடியாதது சிறிய விஷயம் அன்று. அந்த நாளை வேறொரு விடுமுறையில் ஈடுசெய்ய முடியாது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர், எவ்வளவோ இழந்தும், இறந்தோருக்குச் செய்யும் கடமையை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அதைச் செய்யவிடாமல் பேராசிரியர் தடுத்தது தவறு. தங்கச்சி என்று அழைத்த வாயால் நீங்களும் அவளைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னதை அதைவிடப் பெரிய தவறாகவே நான் கருதுகிறேன். நீங்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. ஆனால் உங்கள் அச்சத்தை அவளுக்குப் புத்திமதியாகக் கொடுத்திருக்கக் கூடாது.

உங்கள் நிலை எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த நாட்டில் உங்களைப் போன்றோர் பெரும்பாலும் ஊழியராகக் கருதப்படுவதில்லை. வாங்கும் தொகை சம்பளமாக அன்றிக் கல்வி உதவித்தொகையாகவே கணக்கிடப்படுகிறது. ஆகவே மனிதவளத் துறையும் மாணவர் அலுவலகமும் உங்களை மாறி மாறித் திருப்பி அனுப்பக்கூடும். அதனால்தான் இரு தரப்புக்கும் பொதுவான ஆம்பட் அலுவலகத்துக்கு நீங்கள் எப்போதோ போயிருக்க வேண்டும்.

உலக அளவில் இந்த அலுவலர்கள் ஏற்றுக்கொண்ட நெறிகள் சுதந்திரம், நடுநிலை, இரகசியம், முறைசாராத் தன்மை ஆகியவை. அந்த நெறிப்படி நடக்கும் அலுவலர் உங்கள் அனுமதி இல்லாமல் பேராசிரியரிடம் பேச மாட்டார்; உங்கள் பெயரோடு நிரந்தரப் பதிவும் வைக்க மாட்டார்; யாருக்காவது கடுமையான தீங்கு உடனே நேரும் ஆபத்து இருந்தால் இரகசியம் தளரும். எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் விதி ஒன்றாக இருப்பதில்லை என்பதால், கதையைத் தொடங்கும் முன்பே இதை நேரில் கேட்டுவிடுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலில் எதையும் எழுதாமல், சொந்தத் தொலைபேசியில் நேரம் கேளுங்கள்.

தண்டனை அங்கே கிடைக்காது. அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டர் விதிக்கும் தீர்வு கட்டுப்படுத்தும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2016-இல் சொன்னதை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஆம்பட் அலுவலருக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது. உங்கள் கட்டுரைக்கு எந்த விதி பொருந்தும், எழுத்து மூலமான புகாரை எங்கே, எந்தக் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும் என்பதை அவர் காட்டுவார். இருவரும் இசைந்தால் நடுவில் அமர்ந்து பேசுவார். அவரிடம் சொன்னதே புகார் கொடுத்ததாகிவிடாது. கெடு அதன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் அவரால் முடியும். ஒரே துறையிலிருந்து பலர் தனித்தனியே வந்து ஒரே குறையைச் சொன்னால், யாருடைய பெயரையும் வெளியிடாமல், அங்கே ஏதோ சீர்கெட்டிருக்கிறது என்று நிர்வாகத்துக்கு அவர் எடுத்துச் சொல்லலாம். அப்படிப் போயிருக்கக்கூடிய ஒருத்தியைத்தான் நீங்கள் தேற்றித் திருப்பி அனுப்பினீர்கள்.

இந்த வாரமே அவளைக் கூப்பிட்டு, அன்று சொன்னது தவறு என்று சொல்லுங்கள். அப்படி ஓர் அலுவலகம் இருப்பதையும், அதன் விதிகளையும் சொல்லுங்கள். உங்கள் குறையை நீங்கள் போய்ச் சொல்லுங்கள். அவளுடையதை அவளுக்காக நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவள் போக விரும்பினால் தனியாக நேரம் கேட்கட்டும். துணை வேண்டுமென்றால் கூடப் போய் வாசலில் காத்திருங்கள்.