தெர்மாமீட்டர் உடைந்து, பெருக்கிய பிறகும் பாதரச மணிகள் தெரிகின்றன என்றால்

துடைப்பத்தை முதலில் கீழே வையுங்கள், வாக்குவம் கிளீனரும் வேண்டாம். பெருக்கப் பெருக்க மணிகள் சிதறிப் பொடியாகும்; பரப்பு கூடும், ஆவியும் கூடும். அந்த ஆவிக்கு மணமில்லை என்பதுதான் என் கவலை.

குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, மற்ற அறைகளுக்குப் போகும் கதவை மூடுங்கள். விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடியுங்கள். டைல் இடுக்கில் ஒளிந்திருப்பவை மின்னும். கையுறை போட்டு, கெட்டி அட்டையால் பெரியவற்றை ஒன்றுசேர்த்து டிராப்பரால் உறிஞ்சுங்கள். பொடிகளுக்கு ஒட்டும் டேப். எல்லாம் மூடியுள்ள பாட்டிலுக்குள், அப்புறம் அந்தத் துடைப்பமும் தனிப் பைக்குள். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

இது தெர்மாமீட்டர் அளவுக்குத்தான். உடைந்தது ரத்த அழுத்தக் கருவி என்றால் அறையைப் பூட்டிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.