இன்டேக் மெனிஃபோல்டை வீட்டிலேயே அராவலாமா?

கேள்வி: என்னிடம் 1998ஆம் ஆண்டு டொயோட்டா கரோலா 110 இருக்கிறது. 5ஏ பெற்றோல் எஞ்சின். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் ஒரு டை கிரைண்டரும் (கையில் பிடித்து உலோகம் குடையும் மெஷின்) வாங்கிவிட்டேன். இன்டேக் மெனிஃபோல்டின் துளைகளைப் பெரிதாக்கி, உள்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி பொலிஷ் பண்ண நினைக்கிறேன். எத்தனை மில்லிமீற்றர் பெரிதாக்கலாம்? இழுவை கூடுமா?
(வாசகர் ஒருவர், வெள்ளவத்தை)

பதில்:

பெரிதாக்கவே வேண்டாம். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதிதான் இன்டேக் மெனிஃபோல்ட். அது ஹெட்டோடு, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பாகத்தோடு, பொருந்துகிற வாயை மட்டும் ஒழுங்காக்குங்கள். அதை வீட்டிலேயே செய்யலாம்.

38 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளையை 40 ஆக்குகிறீர்கள் என்று வையுங்கள். பார்வைக்கு இரண்டே மில்லிமீற்றர்தான். ஆனால் பரப்பளவு ஏறக்குறைய 11 வீதம் கூடிவிடும். அதே அளவு காற்று அதற்குள்ளால் போகும்போது அதன் வேகம் 10 வீதமளவில் குறையும். வேகம் குறைந்தால் என்ன என்று கேட்பீர்கள். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கும். அந்த நேரத்தில் காற்று வந்த வேகத்திலேயே உள்ளே திணிந்தால் சிலிண்டர் நன்றாக நிரம்பும். வேகம் இல்லாவிட்டால் பிஸ்டன் அதில் ஒரு பங்கை மெனிஃபோல்டுக்கே திருப்பித் தள்ளிவிடும். எஞ்சின் மெதுவாக ஓடும்போதுதான் இந்த நட்டம் அதிகம்.

உங்கள் எஞ்சின் உச்ச முறுக்குவிசையைத் தருவது 4,400 ஆர்.பி.எம். பக்கத்தில். காலி வீதியில் கொள்ளுப்பிட்டிக்குப் போகும்போது முள் எத்தனை தரம் அந்த இடத்தைத் தொடுகிறது என்று ஒருநாள் பாருங்கள். நம்முடைய ஓட்டமெல்லாம் இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடையில்தான். துளையைப் பெரிதாக்கினால் அந்த இடத்து இழுவையைக் கொடுத்து, போகாத வேகத்துக்கு இழுவை வாங்குவீர்கள். அதுவும் முழுதாகக் கிடைக்காது, ஏனென்றால் ஹெட்டுக்குள் வால்வு இருக்கையைச் சுற்றியுள்ள நெருக்கம் அப்படியேதான் இருக்கும்.

சரி, வாயை ஒழுங்காக்குவது எதற்கு? மெனிஃபோல்டும் ஹெட்டும் தனித்தனி வார்ப்புகள். பூட்டும்போது இரண்டின் துளைகளும் மயிரிழை பிசகாமல் நேர் வருவது அபூர்வம். மெனிஃபோல்டின் துளை ஹெட்டின் துளையைவிடக் கொஞ்சம் சிறிதாக இருந்தால் பாதகமில்லை. காற்று சிறிய வாயிலிருந்து பெரிய வாய்க்குள் போகிறது, எதிலும் முட்டாது. மறுபக்கம் திரும்பி வரும் காற்றை அந்தப் படி கொஞ்சம் தடுக்கவும் செய்யும். மெனிஃபோல்டின் துளை பெரிதாகி ஹெட்டின் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு நின்றால்தான் பிழை. அகலமான வாசலால் வரும் சனம் அடுத்த கதவின் நிலையில் தோளை இடிப்பதுபோல, காற்று அந்த விளிம்பில் மோதிச் சுழலும்.

இதில் பலர் வழுக்குவது கஸ்கெட்டில், அதாவது காற்று கசியாமல் இரண்டுக்கும் நடுவே வைக்கும் தகட்டில். கடையில் வாங்கிய கஸ்கெட்டை வைத்து, அதன் ஓட்டையைக் கோடு கீறி, அதுவரை குடைகிறார்கள். கஸ்கெட்டின் ஓட்டை அநேகமாக இரண்டு துளைகளையும்விடப் பெரிதாகவே வெட்டப்பட்டிருக்கும். அதைப் பின்பற்றினால் வேண்டாத படியை நீங்களே செதுக்கி வைத்ததாகிவிடும். அளவை ஹெட்டிலிருந்து எடுங்கள். ஒரு சேர்ட் பெட்டி அட்டை போதும். முதலில் ஹெட்டில் நீட்டி நிற்கும் ஸ்டட்டுகளுக்கு (தலையில்லாத போல்ட்டுகளுக்கு) அட்டையில் இறுக்கமான ஓட்டை போட்டு, அட்டையை முகத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். கிறீஸ் தொட்ட விரலால் துளையின் விளிம்பு நெடுக அழுத்தித் தேய்த்தால் கறுப்பாக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் உள்பக்கமாகப் பிளேட்டால் வெட்டுங்கள். பிறகு அட்டையைத் திருப்பி மெனிஃபோல்டின் முகத்தில் வையுங்கள். மெனிஃபோல்டின் போல்ட் ஓட்டைகள் ஸ்டட்டைவிடக் கொஞ்சம் பெரியவை என்பதால் அட்டை அங்கே இங்கே அசையும். நான்கு துளைக்கும் நடுவாக அதை நிறுத்துங்கள். மார்க்கர் பேனையால் முகத்தைக் கறுப்பாக்கி, கூரான ஊசியால் கோடு கீறுங்கள். கோட்டுக்கு உள்ளே உலோகம் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும் இடம்தான் உங்கள் வேலை. சில துளையில் ஒரு பக்கம் மட்டும் இருக்கும், சிலதில் ஒன்றுமே இராது. ஒன்றும் இல்லையென்றால் அந்தத் துளையை விட்டுவிடுங்கள். எங்காவது மெனிஃபோல்ட் ஏற்கனவே கோட்டைத் தாண்டியிருந்தால் அங்கே வெட்ட எதுவுமில்லை.

உங்கள் காரில் இருப்பதைக் கழற்றி அராவ வேண்டாம். கிரைண்டர் வாங்கின பஞ்சிகாவத்தையிலேயே பழைய மெனிஃபோல்ட் ஒன்று தேடுங்கள். எஞ்சின் குறியீட்டைச் சொன்னால் மட்டும் போதாது, பழைய கஸ்கெட் ஒன்றைக் கையில் கொண்டுபோய் முகத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரே குடும்பத்து எஞ்சினிலும் ஆண்டுக்கு ஆண்டு துளை மாறும். வேலை பிழைத்தாலும் கார் ஓடிக்கொண்டிருக்கும். (இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: உங்களுடையது பிளாஸ்ரிக் மெனிஃபோல்ட் என்றால் கிரைண்டரைத் தொடவே வேண்டாம்.)

அலுமினியத்துக்குச் சாதாரண அரைக்கும் கல் போடக்கூடாது. உலோகம் கல்லின் துவாரங்களில் அப்பிக்கொள்ளும், கல் சூடேறி வெடிக்கவும் கூடும். பற்கள் அகலமாக, இடைவெளி விட்டு இருக்கும் கார்பைட் பர் (கிரைண்டரில் மாட்டும் வெட்டுமுனை) கேளுங்கள். அலுமினியத்துக்கென்று சொன்னால் தருவார்கள். பல் அடைக்காமலிருக்க இடைக்கிடை ஒரு மெழுகுதிரியில் ஓடவிடுங்கள். சிலர் மண்ணெண்ணெய் தெளிப்பார்கள், பொறி பறக்கும் மின் மோட்டாருக்குப் பக்கத்தில் எனக்கு அது பிடிப்பதில்லை. நீண்ட தண்டுள்ள பர்ரை வெறும் காற்றில் முழு வேகத்தில் சுழற்றினால் தண்டு வளைந்து வீசும். ஆகவே உலோகத்தில் மெதுவாகத் தொட்ட பிறகே வேகத்தைக் கூட்டுங்கள்.

வாயிலிருந்து உள்ளே ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றேகால் அங்குலம் வரை மட்டும் சரிவாக இழுத்துச் சேருங்கள். குழாயின் நீளத்தையும் வளைவையும் மாற்றாதீர்கள். இழுவை எந்த வேகத்தில் கூடுதலாகக் கிடைக்கும் என்பதில் அந்த நீளத்துக்குப் பெரிய பங்குண்டு. தண்ணீர் ஓடும் வழியோ இன்ஜெக்டர் துளையோ பக்கத்தில் இருந்தால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். ஓட்டை விழுந்தால் அலுமினிய வெல்டிங் தெரிந்த லேத்காரரிடம்தான் போகவேண்டும்.

கண்ணாடிப் பொலிஷைப் பற்றிச் சொல்வதென்றால், அதனால் கிடைக்கப்போவது படம் எடுக்க ஓர் அழகு. பெற்றோல் துளிகள் சுவரில் படியத்தான் செய்யும். வழுவழுப்பான சுவரில் அது படலமாக வழியும், கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் பிரிந்து காற்றோடு போக வாய்ப்பு அதிகம். 80ஆம் நம்பர் சாண்ட் பேப்பர் சுருளோடு நிறுத்திவிடுங்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். தளர்ந்த துணிக் கையுறை மட்டும் வேண்டாம், பர் அதைச் சுருட்டிக்கொள்ளும். மாடிவீட்டு பல்கனியில் செய்தால் சத்தத்துக்கு முன்வீட்டார் வருவார்கள், பகலில் செய்யுங்கள்.

முடிந்ததும் கழுவுவதில்தான் கவனம் முழுதும் வேண்டும். ஒரு துருவல் உள்ளே தங்கி சிலிண்டருக்குள் போனால் சுவரைக் கீறிவிடும். சவர்க்காரத் தண்ணீரும் போத்தல் கழுவும் பிரஷும் எடுத்து, எல்லாக் கிளைக் குழாய்களையும் அவை சேரும் நடுப்பெட்டியையும் கழுவுங்கள். வெள்ளைத் துணியை உள்ளே இழுத்துப் பாருங்கள். துணியில் மினுக்கம் இருந்தால் இன்னொரு தரம் கழுவுங்கள்.

பூட்டும் நாளில் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, எரிபொருள் அழுத்தத்தை இறக்கி, ஒவ்வொரு குழாய்க்கும் டேப்பில் பெயர் எழுதி ஒட்டிய பிறகே பழையதைக் கழற்றுங்கள். ஹெட்டின் துளைகளை உடனே சுத்தமான துணியால் அடைத்து, பூட்ட முன் எடுக்க மறக்காதீர்கள். கஸ்கெட் புதிது. நேர்விளிம்பு வைத்து முகத்தில் வளைவு இல்லை என்று பார்த்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேட்டிலுள்ள அளவுக்கு டோர்க் ரென்ச்சால் முறுக்குங்கள். சிலிக்கன் பசையை அப்பி ஒட்டுவது கராஜ்களில் பழக்கம்தான், ஆனால் பிதுங்கியது உள்ளே போகும்.

ஸ்டார்ட் பண்ணியதும் ஐடில் (கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினால் காற்று கசியக்கூடும். சேரும் இடத்தில் சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள், ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். இதைச் சரிசெய்யாமல் வருடாந்தப் புகைப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். அங்கே காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும் அளப்பார்கள், கசிவால் எரியாமல் தப்பும் பெற்றோல் ஐதரோகாபனாக ஏறி நிற்கும்.

இழுவை கூடுமா என்பதற்கு: கொஞ்சம், மேல் வேகத்தில், அதுவும் படி பெரிதாக இருந்திருந்தால். இப்போது கார் சோர்ந்து ஓடுகிறதென்றால் ஏர் ஃபில்டர், கறுத்துப்போன திரொட்டில் பொடி (காற்றை மட்டுப்படுத்தும் கதவுள்ள கூடு), பழைய பிளக், சிலிண்டர் கொம்பிரஷன் (உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம்) நான்கையும் முதலில் பாருங்கள். கொம்பிரஷன் நான்கு சிலிண்டரிலும் ஒத்து வராவிட்டால் கிரைண்டரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எஞ்சினைத் திறக்கும் பாஸிடம் பேசுங்கள்.