கர்ப்பத்தின்போது வைரஸ் தொற்று வந்திருந்தால், பிறந்த குழந்தைக்கு என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: கர்ப்பமாக இருந்தபோது தாய்க்குக் காய்ச்சலும் உடம்பில் தடிப்பும் வந்தன. வைரஸ் தொற்று என்றார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, பார்க்கவும் நன்றாக இருக்கிறது. இதற்கு மேல் ஏதாவது பரிசோதிக்க வேண்டுமா?

வேண்டும். அதில் ஒரு பரிசோதனைக்கு 21 நாள்தான் கெடு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் படித்துக்கொள்ளலாம்.

அது சைட்டோமெகலோ வைரஸுக்கான (சுருக்கமாக சி.எம்.வி.) பரிசோதனை. தாய்க்கு இந்த வைரஸ் லேசான சளிக்காய்ச்சல் போல வந்துபோகும். பலருக்கு வந்ததே தெரியாது. கருவுக்குப் போய்விட்டால் மூளையையும் காதையும் தாக்கக்கூடியது. இந்தத் தொற்றோடு பிறக்கும் 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 பேருக்கு முதல் நாளில் எந்த அறிகுறியும் இருக்காது. ஆனால் அப்படி அறிகுறி இல்லாதவர்களிலும் 10 முதல் 15 சதவீதம் பேருக்குப் பின்னால் செவித்திறன் குறைகிறது. குழந்தை நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

பிறந்து 21 நாளுக்குள் குழந்தையின் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைத் தேடும்) பரிசோதனை செய்ய வேண்டும். அந்த நாளைத் தாண்டி வைரஸ் தெரிந்தால், அது வயிற்றிலேயே வந்ததா, பிரசவத்தின்போதோ தாய்ப்பால் வழியாகவோ பிறகு வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு வந்தது என்றால் நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் கெடுதல் இல்லை. வயிற்றிலேயே வந்தது என்றால் பல வருடம் கண்காணிக்க வேண்டும். இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

உமிழ்நீர் எடுப்பது எளிது, பஞ்சுக் குச்சியைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்து ஊறவிட்டால் போதும். தவறு நடப்பதும் அங்கேதான். தாய்ப்பாலில் சி.எம்.வி. இருக்கலாம். பால் குடித்த வாயில் உடனே எடுத்தால் தாயின் வைரஸ் குழந்தையின் கணக்கில் வந்துவிடும். பால் கொடுத்து 1 மணி நேரமாவது கழித்து எடுக்கச் சொல்லுங்கள். பாசிட்டிவ் வந்தால் சிறுநீரில் மறுபடி பார்த்த பிறகுதான் முடிவு. சிறுநீரை ஒட்டும் பையில் பிடித்தாலே போதும், ஊசி, குழாய் எதுவும் தேவையில்லை.

அடுத்து, எந்த வைரஸ், எத்தனையாவது வாரம் என்ற இரண்டையும் தாளில் எழுதிக் குழந்தை மருத்துவரிடம் கொடுங்கள். "ஏதோ வைரல் காய்ச்சல்" என்ற தகவலை வைத்து அவரால் அதிகம் செய்ய முடியாது. ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) முதல் 12 வாரத்தில் வந்திருந்தால் கருவைப் பாதிக்கும் வாய்ப்பு மிக அதிகம். 20 வாரத்துக்குப் பிறகு வந்திருந்தால் பிறவிக் குறைபாடு அரிது. சின்னம்மை இரண்டு காலகட்டங்களில் பயம் தரும். முதல் பாதியில் வந்தால் 100-க்கு 1 அல்லது 2 குழந்தைகளுக்குத் தோல் தழும்பு, கை கால் வளர்ச்சிக் குறை. பிரசவத்தை ஒட்டி வந்தால் கதையே வேறு, கீழே சொல்கிறேன்.

உடல் பரிசோதனையில் நான் அதிகம் வலியுறுத்துவது தலைச் சுற்றளவு. சாதாரண வேலைதானே என்று அவசரமாக அளந்து தப்பாக எழுதிவிடுகிறார்கள். நீளாத டேப் வேண்டும். துணி டேப் நாளடைவில் இழுபட்டு நீண்டுவிடும், அதனால் தலை உள்ளதைவிடச் சிறியதாகக் காட்டும். முன்பக்கம் புருவத்துக்குச் சற்று மேலே, இரு பக்கமும் காதுக்கு மேலே, பின்னால் தலையின் மிகத் துருத்திய இடம் வழியாகச் சுற்றி, முடியை அழுத்தும் அளவுக்கு இறுக்கி, மூன்று முறை அளந்து பெரிய அளவை எழுத வேண்டும். பிரசவத்தில் தலை நசுங்கி நீண்டிருக்கும் என்பதால் 24 மணி நேரம் கழித்து மறுபடி அளப்பது அவசியம். உலக சுகாதார அமைப்பின் அட்டவணைப்படி நிறைமாத ஆண் குழந்தைக்கு 31.9 செ.மீ., பெண் குழந்தைக்கு 31.5 செ.மீ. ஆகியவற்றுக்குக் கீழே போனால் தலை சிறியது என்று கொள்வார்கள். குறைமாதக் குழந்தைக்கு இந்த எண்களை வைக்கக் கூடாது, வாரத்துக்கேற்ற தனி அட்டவணை இருக்கிறது. எடை, நீளம், தலை மூன்றும் ஒன்றாகச் சிறுத்திருக்கிறதா, எடை மட்டும் குறைவா என்பதையும் பார்ப்பார்கள்.

தோலில் சிவப்புப் புள்ளி இருந்தால் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள். மறைந்தால் வெறும் தடிப்பு. மறையாவிட்டால் தோலுக்கடியில் ரத்தக் கசிவு. முகத்தில் மட்டும் சில புள்ளிகள் இருந்தால் அது பிரசவ அழுத்தத்தால் வந்ததாக இருக்கலாம், சில நாளில் போய்விடும். மார்பு, வயிற்றில் புதிது புதிதாக வந்தால் அன்றே தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுபவை) எண்ணிக்கை பார்க்க வேண்டும். கல்லீரல் விலாவுக்குக் கீழே 2 செ.மீ. வரை தட்டுப்படுவது பச்சிளம் குழந்தைக்கு இயல்பு. "கல்லீரல் தட்டுப்படுகிறது" என்று மருத்துவக் குறிப்பில் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணில் ஒளி பாய்ச்சும்போது இரு பாவையும் ஒரே மாதிரி சிவந்து தெரிய வேண்டும். வெள்ளையாகவோ மங்கலாகவோ தெரிந்தால் கண்புரையாக இருக்கலாம். ருபெல்லாவின் முக்கிய அடையாளம் கண்புரை. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-ல் கர்ப்பகால ருபெல்லாவுக்கும் பிறவிக் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்ததே குழந்தைகளின் கண்புரையை வைத்துத்தான். கூடவே இதயத்துக்கு எக்கோ எடுப்பார்கள். சி.எம்.வி., ஜிகா (கொசு பரப்பும் வைரஸ்) சந்தேகம் இருந்தால் உச்சிக்குழி வழியாகத் தலைக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து தேவையில்லை.

ரத்தப் பரிசோதனையில்தான் பெற்றோர் தேவையில்லாமல் கலங்குகிறார்கள். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று அறிக்கை வந்தால் குழந்தைக்குத் தொற்று என்று அர்த்தமில்லை. அது தாயின் நோய் எதிர்ப்புப் பொருள், நஞ்சுக்கொடி தாண்டி வந்து மாதக்கணக்கில் இருக்கும். ஐ.ஜி.எம். தாண்டி வராது, அதனால் குழந்தையின் ரத்தத்தில் அது இருந்தால் பொருள் உண்டு. அதுவும் பொய்யாக வரலாம். தொப்புள்கொடி ரத்தத்தில் எடுத்தால் தாயின் ரத்தம் கலந்திருக்கலாம். குழந்தையின் உடம்பிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். எந்த நோய் என்றே யோசிக்காமல், கருவைத் தாக்கும் பல தொற்றுகளுக்கும் சேர்த்து "டார்ச்" என்று மொத்தமாக எழுதிக் கொடுக்கும் பரிசோதனையால் பதிலைவிடக் குழப்பம்தான் அதிகம் வருகிறது என்பது என் உறுதியான கருத்து. சந்தேகப்படும் வைரஸுக்கு உரிய பரிசோதனை ஒன்று, அதோடு ரத்த அணுக்கள், கல்லீரல் நொதி, நேரடி பிலிருபின் (காமாலை அளவின் ஒரு பகுதி): தொடக்கத்துக்கு இவை போதும்.

பிரசவத்தை ஒட்டி வந்த தொற்றுகளுக்கு மணிக்கணக்கு, நாள்கணக்கு முக்கியம். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்குச் சின்னம்மை வெளிப்பட்டால், வைரஸ் குழந்தைக்குப் போயிருக்கும், தாயின் எதிர்ப்புச் சக்தி போயிருக்காது. குழந்தைக்கு அம்மை வரட்டும் என்று காத்திராமல் உடனே சின்னம்மைக்கான இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) ஊசி போட வேண்டும். தாய்க்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தால் 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும், வேறு வேறு தொடையில். சிக்குன்குனியா காய்ச்சலோடு பிரசவம் நடந்தால் குழந்தை நன்றாகப் பிறந்து, 3 முதல் 7-ம் நாளில் காய்ச்சல், வீக்கம், பால் குடிக்காமை என்று படுத்துவிடலாம். 2-ம் நாளே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. டெங்குவிலும் அப்படியே, தட்டணுக்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பிறப்புறுப்பில் ஹெர்ப்பீஸ் முதன்முறையாகப் பிரசவ நேரத்தில் வந்திருந்தால் 24 மணி நேரத்தில் கண், வாய், மூக்கு, ஆசனவாய் மாதிரிகள் எடுத்து, முடிவுக்குக் காத்திராமல் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவார்கள். எச்.ஐ.வி.க்கு எதிர்ப்புப் பொருள் பரிசோதனை 18 மாதம் வரை குழந்தைக்குப் பயன்படாது, பி.சி.ஆர்.தான்.

இனி காது. மருத்துவமனையில் செய்யும் ஓ.ஏ.இ. பரிசோதனை உள்காதின் மயிர்ச் செல்களை மட்டும் சோதிக்கும், ஏ.பி.ஆர். நரம்பு வழியே மூளைத்தண்டு வரை சோதிக்கும். சி.எம்.வி. இருந்தால் ஏ.பி.ஆர். கேட்டு வாங்குங்கள். அதில் "பாஸ்" வந்தாலும் விஷயம் முடியவில்லை, இந்தச் செவித்திறன் குறைவு 2 வயதிலும் 4 வயதிலும் தொடங்கலாம். முதல் வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை, 3 வயது வரை 6 மாதத்துக்கு ஒரு முறை, பிறகு 6 வயது வரை வருடம் ஒரு முறை பார்ப்பது வழக்கம். பேச்சு தாமதமானால் "இவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு முதலில் காதைச் சோதியுங்கள்.

சி.எம்.வி. உறுதியாகி, அறிகுறியும் கணிசமாக இருந்தால் வால்கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்புத் திரவ மருந்து, வாய் வழியாக: எடைக்கு கிலோவுக்கு 16 மி.கி. வீதம் தினம் 2 வேளை, 6 மாதம். முதல் மாதத்துக்குள் தொடங்குவது நல்லது. வெள்ளணுக்களைக் குறைக்கும் மருந்து இது; முதல் 6 வாரம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். எடை ஏற ஏற அளவையும் மாற்ற வேண்டும், இதை மறந்து பழைய அளவிலேயே மாதக்கணக்கில் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

முதல் நாளிலேயே மஞ்சள் காமாலை, 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், எழுப்பினாலும் பால் குடிக்காமல் தூங்குவது, வலிப்பு, மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போவது, நீர்க்கொப்புளம்: இதில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். போகும்போது கர்ப்பகால ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.