முறிகிற கிளாம்ப், முறியாத கிளாம்ப்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, லாரி ஸ்பிரிங் பட்டையில் சமையலறைக் கத்தி செய்து பழகுகிறேன். கைப்பிடி ஒட்டும்போது ஜி கிளாம்ப் (‘ஜி’ எழுத்து வடிவத் திருகுப் பிடி) ஒன்று வளைவில் ‘டக்’கென்று முறிந்துவிட்டது. ஆறு கிளாம்ப் கொண்ட செட் ஒன்று ஆன்லைனில் மலிவாக வருகிறது. ‘ஃபோர்ஜ்டு ஸ்டீல்’ என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, நல்லதாக மூன்று வாங்குங்கள். கத்தி வேலைக்கு 4 அங்குல ஜி கிளாம்ப் தாராளம்.

வளையாமல் முறிந்தது என்கிறீர்களே, அது சாதாரண வார்ப்பிரும்பு. அமுக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், இழுவைக்கு ஆகாது. கிளாம்பை முறுக்கும்போது வளைவின் உள்பக்கம் முழுக்க இழுவைதான். அடித்து உருவாக்கிய எஃகு, அதாவது ஃபோர்ஜ்டு, என்றால் முதலில் வாய் விரியும், உங்களுக்குக் கண்ணில் தெரியும். வார்ப்பிரும்பு அந்த எச்சரிக்கையைத் தராது.

‘ஃபோர்ஜ்டு’, ‘ஹெவி டியூட்டி’ என்று பெட்டியில் அச்சடிக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. வார்ப்புக்கு மேல் கெட்டியாக நீலப் பெயின்ட் அடித்துவிட்டால் புள்ளியும் சொரசொரப்பும் மறைந்துவிடும். நடுவில் நிற்கும் விற்பனையாளர் பொருளைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். முறிந்த பிறகு கேட்டால் ‘நீங்கள் அதிகம் முறுக்கிவிட்டீர்கள்’ என்பார். ஆகவே கடைக்கு நேரில் போங்கள், பில் கேட்டு வாங்குங்கள்.

கடையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிளாம்பை ஒரு விரலில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டுங்கள். எஃகு ‘ணங்’ என்று நீளமாக ஒலிக்கும், சாதாரண வார்ப்பு ‘டொக்’கென்று செத்துவிடும். திருகைக் கழற்றிவிட்டுத் தட்டுவது நல்லது, தளர்ந்த திருகு ஒலியைக் கெடுக்கும். பிறகு விளிம்பைப் பாருங்கள். ஃபோர்ஜ் செய்ததில் உபரியை வெட்டியெடுத்த தட்டையான பட்டை ஓடும். வார்ப்பில் மெல்லிய கோடு துருத்திக்கொண்டிருக்கும். திருகின் மரை சதுரமாகவோ சரிவகமாகவோ தடித்து இருக்கட்டும். சாதா போல்ட் மாதிரிக் கூரான மரை சீக்கிரம் தேயும்.

இங்கே ஒரு விலக்கு உண்டு, அவசரப்பட்டு எல்லா வார்ப்பையும் ஒதுக்கிவிடாதீர்கள். எஸ்.ஜி. இரும்பு என்று ஒன்று இருக்கிறது. அதுவும் வார்ப்புதான், ஆனால் உள்ளே கரி இதழ் இதழாக இல்லாமல் உருண்டை உருண்டையாக இருக்கும். விரிசல் ஓட வழி கிடைக்காததால் அது எஃகைப் போல வளைந்து கொடுக்கும். தட்டினாலும் எஃகைப் போலவே ஒலிக்கும். விளிம்பில் வார்ப்புக் கோடு தெரிகிறது, ஆனால் ஒலி கணீரென்று இருக்கிறது என்றால் அது அநேகமாக எஸ்.ஜி. தைரியமாக வாங்கலாம். பெஞ்ச் வைஸிலும் (மேசையில் பொருத்தும் இடுக்கி) அப்படித்தான்: எஸ்.ஜி. கிடைத்தால் எடுங்கள். சாதாரண வார்ப்பு வைஸ் ராவுவதற்குப் போதும், அதன் மேல் சுத்தியல் மட்டும் படக்கூடாது.

இனி உங்கள் பக்கத்துத் தவறு. எபாக்ஸி பசைக்கு இவ்வளவு முறுக்கு தேவையே இல்லை. முறுக்க முறுக்கப் பசை முழுக்க வெளியே வந்து, இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் ஒன்றும் மிஞ்சாது. சில மாதத்தில் கைப்பிடி பிளந்துவிடும். இரண்டு பரப்பையும் 80 எண் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து ஒட்டுங்கள். நாலரை அங்குலக் கைப்பிடிக்கு மூன்று கிளாம்ப், நடுவில் உள்ளதை முதலில். விளிம்பெல்லாம் மெல்லிய கோடாகப் பசை கசிந்ததும் நிறுத்துங்கள். கிளாம்புக்கும் மரத்துக்கும் நடுவே செலோ டேப் சுற்றிய பிளைவுட் துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் கிளாம்பும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

கைப்பிடி ஆணிக்காகக் கத்தியில் தூண் வைத்த டிரில் மெஷினால் துளை போடுவதில்தான் உண்மையான ஆபத்து. டிரில் முனை மறுபக்கம் துளைத்து வெளியேறும் நொடியில் இரும்பைக் கவ்வும், கத்தி காற்றாடியாகச் சுழலும். கையால் பிடிக்கவே கூடாது, கையுறையும் கூடாது. கத்தியின் முனையிலும் வாயிலும் தடித்த டேப் சுற்றி, கீழே மரக்கட்டை வைத்து, இரண்டு இடத்தில் ஜி கிளாம்பால் மேசையோடு பிடியுங்கள். ஒன்று மட்டும் என்றால் அதையே அச்சாக வைத்துத் திரும்பிவிடும். எஃப் கிளாம்ப் (கம்பியில் நகரும் தாடை கொண்டது) இதற்கு ஆகாது, அதிர்வில் அதன் தாடை நழுவும். கத்தியின் நீளமான பக்கம் உங்கள் இடதுபுறம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். பிடி தளர்ந்தாலும் அது சுழன்று போய் பின்னால் இருக்கும் டிரில்லின் தூணில் மோதி நிற்கும். வலதுபுறம் நீட்டியிருந்தால் நேராக உங்கள் வயிற்றை நோக்கி வரும்.