எஸ்.ஏ.டி. புள்ளியைத் திறமைப் புலமைப்பரிசிலுக்கு அனுப்புவதா, விடுவதா? எப்போது?

கேள்வி: கிளிநொச்சியில் தமிழ்மொழி மூலம் கணிதப் பிரிவில் உயர்தரம் படிக்கிறேன். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. பரீட்சையில் 1280 வந்திருக்கிறது. கணிதம் 720, ஆங்கிலம் 560. அமெரிக்கக் கல்லூரிகள் பல "விரும்பினால் அனுப்பலாம்" என்கின்றன. திறமைப் புலமைப்பரிசில் வேண்டுமென்றால் அனுப்ப வேண்டுமா? எப்போது அனுப்புவது?

பதில்:

"1280 நல்ல புள்ளியா?" என்று யோசிப்பதை முதலில் விடுங்கள். ஒரே 1280 ஒரு கல்லூரியில் காசு கொண்டுவரும், இன்னொன்றில் விண்ணப்பத்தைக் கீழே இழுக்கும், மூன்றாவதில் யாரும் திரும்பியே பார்க்க மாட்டார்கள். நமக்கு இசட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியும் பழகிவிட்டதால் ஒரே எல்லைக்கோட்டைத் தேடுகிறோம். அங்கே அப்படி ஒரு கோடு கிடையாது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும். சேர்க்கைக்கான விதியும் புலமைப்பரிசிலுக்கான விதியும் வேறாக இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். சேர்க்கைக்குப் புள்ளி கேட்காத கல்லூரி, புலமைப்பரிசிலுக்குக் கேட்கலாம்.

சில இடங்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தொகுதி (பேர்க்லி, லொஸ் ஏஞ்சலிஸ் உட்பட) சேர்க்கைக்கும் சரி, புலமைப்பரிசிலுக்கும் சரி, எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதில்லை. ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் திறமைப் புலமைப்பரிசில் தருவதே இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. "ஹாவர்டில் திறமைப் புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது காசு கேட்டால், அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள்.

மிச்சக் கல்லூரிகள் இரண்டு வகை. முதலாவது, அட்டவணைப்படி தருபவை. பாடசாலைச் சராசரி இவ்வளவு, எஸ்.ஏ.டி. இவ்வளவு என்றால் ஆண்டுக்கு இத்தனை டொலர் என்று இணையத்தளத்திலேயே போட்டிருப்பார்கள். அலபாமா பல்கலைக்கழகம் இப்படி அட்டவணை வெளியிடும் ஒன்று. தொகைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வெளிநாட்டு மாணவருக்குத் தனி அட்டவணையும் இருக்கலாம், ஆகவே நீங்கள் சேரப்போகும் ஆண்டுக்குரிய பக்கத்தையே பாருங்கள். இந்த வகையில் யோசிக்க எதுவுமில்லை. உங்கள் புள்ளி அட்டவணையின் ஏதாவது ஒரு படியில் விழுந்தால் அனுப்புங்கள். அடுத்த படிக்கு 20, 30 புள்ளிதான் குறைகிறது என்றால் திரும்ப எழுதுவது பெறுமதியானது. நான்கு ஆண்டுக்கும் அந்த வித்தியாசம் சேர்ந்து வரும்.

இரண்டாவது வகை, போட்டியாகத் தெரிவு செய்பவை. இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். பல கல்லூரிகள் "கொமன் டேட்டா செட்" என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடும். கல்லூரிப் பெயரோடு அந்தச் சொல்லையும் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி9 என்ற பகுதியில், சேர்ந்த மாணவர்களின் எஸ்.ஏ.டி. முதலாம் காலணை, இடையம், மூன்றாம் காலணை மூன்றும் இருக்கும். சாதாரண தரக் கணிதத்தில் படித்த அதே காலணைதான். ஒரு கல்லூரியில் அவை 1240, 1330, 1420 என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கைக்கு மட்டும் என்றால் உங்கள் 1280ஐ அனுப்புவது நியாயம். ஆனால் போட்டிப் புலமைப்பரிசில், வருபவர்களில் மேல்மட்டத்தை இழுப்பதற்காக வைக்கப்பட்ட காசு. அங்கே 1420க்குக் கிட்ட இருந்தால்தான் புள்ளி உங்களுக்காகப் பேசும். முதலாம் காலணைக்குக் கீழே என்றால் அனுப்பாதீர்கள். முதலாம் காலணைக்கும் இடையத்துக்கும் நடுவே என்றால், மிச்ச விண்ணப்பம் எவ்வளவு பலமென்று பார்த்து முடிவெடுங்கள்.

சி9இல் இன்னொன்றையும் பாருங்கள்: புள்ளி அனுப்பியவர்கள் எத்தனை வீதம் என்பது. பாதிப்பேர்கூட அனுப்பவில்லை என்றால், அந்த எண்கள் கெட்டிக்காரர் அனுப்பியவை மட்டுமே. எல்லோரும் அனுப்பியிருந்தால் இடையம் அதைவிடக் கீழே இருந்திருக்கும். அதே ஆவணத்தின் எச்6 பகுதி வெளிநாட்டு மாணவருக்கு அந்தக் கல்லூரி உண்மையில் காசு கொடுக்கிறதா, எத்தனை பேருக்கு, சராசரி எவ்வளவு என்று சொல்லும். வன்னியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளை சி9ஐ விட இதைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுச் செலவு 80,000 டொலரையும் தாண்டுகிறது. 20,000 டொலர் புலமைப்பரிசில் கிடைத்தாலும், மிச்சக் காசுக்கு வங்கிச் சான்று காட்டாமல் கல்லூரி தரும் ஐ-20 படிவம் வராது. அது இல்லாமல் வீசாவும் இல்லை. ஆகவே முழுச் செலவையும் ஏற்கும் புலமைப்பரிசில் அல்லது வருமானம் பார்த்து உதவும் கல்லூரி, இவை இரண்டையும்தான் தேட வேண்டும். வெளிநாட்டு மாணவரின் வசதியையும் பார்த்துத் தெரிவு செய்யும் கல்லூரிகளில், காசு கேட்கும் பிள்ளைக்கு நல்ல புள்ளி கூடுதல் பலம்.

அடுத்தது, உயர்தரப் பெறுபேறு கையில் இருக்கிறதா என்பது. பரீட்சை எழுதும் ஆண்டிலேயே விண்ணப்பித்தால் உங்களிடம் இருப்பது சாதாரண தரப் பெறுபேறும் ஆசிரியர் தரும் எதிர்பார்ப்புப் பெறுபேறும்தான். அப்போது எஸ்.ஏ.டி.தான் வெளியார் வைத்த ஒரே புதிய பரீட்சை. எல்லைக்கோட்டில் நிற்கும் புள்ளியையும் அனுப்பலாம். மூன்று ஏ வந்த பிறகு விண்ணப்பித்தால் அந்தத் தேவை குறைகிறது, மங்கலான எஸ்.ஏ.டி. அந்த மூன்று ஏயின் பக்கத்தில் கெடுதல்தான் செய்யும்.

காலத்தை வைத்துப் பார்த்தாலும் பெறுபேறு வந்த பிறகு விண்ணப்பிப்பதே நல்லது. 2024, 2025 உயர்தரப் பரீட்சைகள் நவம்பரில் தொடங்கின. போட்டிப் புலமைப்பரிசில்களின் முடிவுத் திகதி பெரும்பாலும் நவம்பர் 1, நவம்பர் 15 அல்லது டிசெம்பர் 1. சேர்க்கை முடிவு ஜனவரி என்று இருந்தாலும் புலமைப்பரிசில் முந்திவிடும். பரீட்சை ஆண்டிலேயே விண்ணப்பித்தால் பரீட்சையும் விண்ணப்பமும் ஒரே நேரத்தில் தலையில் விழும். உயர்தரம் முடித்து, அடுத்த மே அல்லது யூனில் எஸ்.ஏ.டி., தேவையென்றால் ஓகஸ்டில் இரண்டாம் தடவை, ஒக்டோபர் கடைசித் தடவை, நவம்பரில் விண்ணப்பம் என்று வைத்தால் மூச்சு விடலாம். 2024 பரீட்சைப் பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. அதுவும் கையில் இருக்கும். எஸ்.ஏ.டி. புள்ளி வர ஏறத்தாழ இரண்டு கிழமை ஆகும். நவம்பர் பரீட்சையை ஏற்பார்களா என்பதைக் கல்லூரியிடம் கேட்காமல் நம்பி இருக்காதீர்கள்.

உங்கள் 720, 560ஐப் பிரித்துப் பாருங்கள். இணைந்த கணிதம் படிக்கும் ஒருவருக்கு எஸ்.ஏ.டி. கணிதம் உள்ளடக்கத்தில் கடினமில்லை. இடறுவது ஆங்கிலத்தில் எழுதிய வசனக் கணக்கும், படித்திறன், வெட்டுத்துண்டு போன்றவற்றின் ஆங்கிலப் பெயர்களும். இரண்டு மாதத்தில் 760ஐத் தொடலாம். எஸ்.ஏ.டி.யைக் கணினியில் எழுதும் புளூபுக் செயலிக்குள்ளேயே டெஸ்மொஸ் என்ற வரைபுக் கணிப்பான் இருக்கிறது. அதில் வரைபு போட்டுத் தீர்க்கப் பழகுங்கள். ஆங்கிலப் பகுதி மெல்லத்தான் ஏறும். பல கல்லூரிகள் "சூப்பர்ஸ்கோர்" முறையில், வெவ்வேறு நாளில் எடுத்த பகுதிப் புள்ளிகளில் உயர்ந்தவற்றைச் சேர்த்துப் பார்க்கும். அங்கே அடுத்த தடவை ஆங்கிலத்துக்கே முழு உழைப்பையும் கொடுக்கலாம். ஆனால் கணிதத்தை மட்டும் அனுப்பி ஆங்கிலத்தை மறைக்க முடியாது. எழுதிய எல்லாத் தடவையின் புள்ளியையும் கேட்கும் கல்லூரிகளும் சில உண்டு. பயிற்சிக்காக என்று சும்மா போய் எழுதாதீர்கள்.

காசு விடயம். பதிவுக் கட்டணமும் வெளிநாட்டு மேலதிகக் கட்டணமும் சேர்ந்து 100 டொலரைத் தாண்டும். கட்டண விலக்கு அமெரிக்க மாணவருக்குத்தான். நான்கு கல்லூரிக்கு இலவசமாக அறிக்கை அனுப்பலாம், ஆனால் பரீட்சை முடிந்து ஒன்பது நாளுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அப்போது புள்ளி வந்திருக்காது. ஆகவே அந்த நான்கையும் புள்ளி கட்டாயம் கேட்கும் கல்லூரிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். விருப்பத்துக்கு விட்ட கல்லூரிக்குக் கொடுத்தால் தெரிவு உங்கள் கையை விட்டுப் போய்விடும். பல கல்லூரிகளில் விண்ணப்பத்தில் புள்ளியை நீங்களே எழுதினால் போதும், சேரும்போதுதான் உத்தியோகபூர்வ அறிக்கை. புலமைப்பரிசிலுக்கும் அது போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்ப எழுதுவதென்றால் கடவுச்சீட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதில் நம் ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது; வாசலில் திருப்பி அனுப்பப்படுவதற்கும், பிறகு புள்ளி விண்ணப்பத்தோடு சேராமல் தொங்குவதற்கும் இதுவே காரணம். கடவுச்சீட்டு இல்லையென்றால் வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் நேரத்தோடு விண்ணப்பியுங்கள். பரீட்சை தொலைபேசியில் எழுத முடியாது. இரவல் மடிக்கணினி என்றாலும் புளூபுக்கை அதில் முன்கூட்டியே நிறுவி, மின்கலம் நான்கு மணித்தியாலம் தாங்குகிறதா என்று வீட்டில் சோதியுங்கள். கொழும்பில் எழுதுவதென்றால் இரவு பஸ்ஸில் இறங்கி நேரே மண்டபத்துக்குப் போக வேண்டாம்; முதல் நாளே போய்த் தங்குங்கள். கதவு காலை 8 மணிக்கு மூடிவிடும்.

எந்த வகைக் கல்லூரி என்று பிடிபடாவிட்டால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி மூன்றைக் கேளுங்கள்: புள்ளி இல்லாமல் விண்ணப்பிக்கும் வெளிநாட்டு மாணவர் இந்தப் புலமைப்பரிசிலுக்குக் கருதப்படுவாரா, நானே எழுதும் புள்ளி போதுமா, கடைசியாக ஏற்கும் பரீட்சைத் திகதி எது. கொழும்பில் அமெரிக்க–இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவின் எடியுகேஷன் யூ.எஸ்.ஏ. ஆலோசகர்களிடமும் கேட்கலாம். கல்லூரியின் பதில் வந்ததும் அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். பின்னர் புலமைப்பரிசில் அலுவலகம் வேறு மாதிரிச் சொன்னால் அதையே எடுத்து அனுப்பலாம்.