பழைய நிஸான் லீஃப் மின்சாரக் காரை அமெரிக்காவில் நன்கொடையாகக் கொடுத்தால் வரிக்கழிவு எவ்வளவு கிடைக்கும்? கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

சந்தை விலை முழுவதையும் கழித்துக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் முடியாது. தொண்டு நிறுவனம் காரை 500 டாலருக்கு மேல் ஏலத்தில் விற்றால், விற்ற தொகைதான் கழிவின் உச்சவரம்பு. அதற்கு 1098-சி என்ற வாகன நன்கொடை வரிப் படிவம் தேவை; விற்ற 30 நாளுக்குள் நிறுவனம் அனுப்ப வேண்டும். 500 அல்லது அதற்குக் கீழே விற்றால் சந்தை விலை, 500 டாலர் இரண்டில் குறைந்ததைக் காட்டலாம். நிறுவனமே காரைத் தன் பணிக்கு ஓட்டினாலோ, ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்தாலோ சந்தை விலையே செல்லும். அப்படிப்பட்ட அமைப்பைத் தேடிக் கொடுங்கள். கார் ஒருவருக்கு உண்மையிலேயே உதவும். ஒன்று, செலவுகளைத் தனித்தனியாகக் காட்டி வரி தாக்கல் செய்பவருக்கே இந்தக் கழிவு.

லீஃபின் விலையைத் தீர்மானிப்பது பேட்டரிதான். மீட்டரின் வலது ஓரத்தில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 சிறு கோடுகள் இருக்கும்; பேட்டரி தேயத் தேய அவை குறையும். எத்தனை மிச்சம் என்று படமெடுத்து நிறுவனத்துக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். சும்மா நின்ற காரில் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும். காரை ஓட்டும் பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் கார் உயிர்பெறாது, நியூட்ரலுக்கு மாறாது, இழுவை வண்டிக்காரர் திணறுவார். 12 வோல்ட் பேட்டரியை முந்தைய நாளே சார்ஜ் செய்துவையுங்கள். முன்சக்கரங்கள் தரையில் உருள இழுக்க விடாதீர்கள், மோட்டார் பழுதாகும். காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் தட்டை மேடை வண்டி கேளுங்கள்.

சார்ஜ் கேபிளையும் இரண்டு சாவிகளையும் சேர்த்துக் கொடுங்கள். நிஸான் செயலியில் உங்கள் கணக்கை நீக்குங்கள், காரில் பதிந்துள்ள வீட்டு முகவரியை அழித்துவிடுங்கள். கலிஃபோர்னியா என்றால், கார் இனி உங்களுடையது அல்ல என்று சொல்லும் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பை 5 நாளுக்குள் டிஎம்வியில் (மாநில மோட்டார் வாகனத் துறை) பதியுங்கள். விட்டால் அடுத்தவர் வாங்கும் பார்க்கிங் அபராதம் உங்கள் பெயருக்கு வரும்.